லாக் கணக்கு போட வருகிறது, லாக் என்றால் என்ன என்பது மட்டும் பிடிபடவில்லை

தொடக்கப்புள்ளி:

பிளஸ் ஒன் அளவிலான கேள்விதான். பெருக்கினால் லாக்கைக் கூட்டு, வகுத்தால் கழி, அடுக்கு இருந்தால் முன்னால் கொண்டு வா. இந்த மூன்று விதியும் மனப்பாடம். விடையும் வந்துவிடுகிறது. ஆனால் கீழே உள்ளவை புரியவில்லை.

லாக் 50 = 1.6990 என்கிறது டேபிள். அந்த 1.6990 எதன் அளவு?

லாக் 0.03456-க்கு டேபிள் முறையில் பார் 2.5386 வருகிறது. கால்குலேட்டர் −1.4614 காட்டுகிறது. எது சரி?

பூஜ்யத்துக்கும் குறை எண்ணுக்கும் லாக் கிடையாது என்கிறார்கள். ஆனால் லாக்கின் விடை மட்டும் குறை எண்ணாக வரலாமாம். எப்படி?

நீட் தேர்வில் கால்குலேட்டரும் இல்லை, டேபிளும் இல்லை. பிஹெச் கணக்குக்கு எத்தனை லாக் மதிப்புகளை மனப்பாடம் செய்ய வேண்டும்?

அடுக்குமாடி:

லாக் ஒரு அடுக்கு. அவ்வளவுதான். "லாக் 50 எவ்வளவு?" என்று யாராவது கேட்டால், "10-க்கு மேலே எந்த அடுக்கைப் போட்டால் 50 வரும்?" என்று அதை மாற்றிப் படியுங்கள். 10¹ = 10, 10² = 100. 50 இவற்றுக்கு இடையில் இருக்கிறது, ஆகவே அடுக்கும் 1-க்கும் 2-க்கும் இடையில். டேபிள் சொல்லும் 1.6990 அந்த அடுக்குதான்.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். 10-க்கும் 100-க்கும் நடுவில் இருப்பது 55. 50 அதற்குச் சற்றுக் கீழே. அப்படியானால் லாக் 1.45 போல வர வேண்டாமா? ஏன் 1.7 பக்கம் போகிறது? 10-இன் அடுக்கு 1.5 என்றால் எவ்வளவு என்று பார்த்தால் விளங்கும். அது √1000, அதாவது 31.62. அடுக்கில் பாதி வழி வந்தபோது எண் 31.62-ஐத்தான் எட்டியிருக்கிறது; மீதிப் பாதியில் 31.62-லிருந்து 100-க்குத் தாவுகிறது. இரண்டு பாதியிலும் எண் 3.162 மடங்குதான் ஆகியிருக்கிறது. லாக் அளப்பது இந்த மடங்கை. வித்தியாசத்தை அல்ல.

பின்ன அடுக்குதான் பலருக்கு இடறும் இடம். 10³ என்றால் மூன்று பத்துகளைப் பெருக்குவது, சரி. 10-ஐ 1.7 முறை பெருக்குவது எப்படி? 10-இன் பத்தாம் மூலத்தை எடுங்கள். அது 1.2589. இதை 10 முறை பெருக்கினால் 10, 20 முறை பெருக்கினால் 100. 17 முறை பெருக்கினால்? 50.12. அதனால் லாக் 50.12 = 1.7. 50 அதைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால் 1.6990. கால்குலேட்டரில் 1.2589-ஐத் தட்டி 17 முறை பெருக்கிப் பாருங்கள். ஒருமுறை கையால் செய்துவிட்டால் அந்த எண் பிறகு புதிராகத் தெரியாது.

விதிகள் மூன்றும் தனித்தனி விதிகள் இல்லை. 100 × 1000 = 1,00,000. இதில் 2 பூஜ்யமும் 3 பூஜ்யமும் சேர்ந்து 5 பூஜ்யம். 10² × 10³ = 10⁵ என்பதை அடுக்குகளின் பக்கமிருந்து பார்த்தால் லாக் 100 + லாக் 1000 = லாக் 1,00,000. கழித்தலும் அப்படியே. (10²)³ = 10⁶ என்பதுதான் மூன்றாவது விதி. எட்டாம் வகுப்பில் படித்த அடுக்கு விதிகள் மறுபக்கமாகத் திரும்பி நிற்கின்றன.

இது புரிந்தால் லாக் (அ + ஆ)-ஐப் பிரிக்க முடியாது என்பதும் தானாகப் புரியும். 10² + 10³ = 1100; இதற்கு அடுக்கு விதி எதுவும் கிடையாது. சோதிக்க ஒரு வரி போதும்: லாக் (10 + 10) = லாக் 20 = 1.3010. லாக் 10 + லாக் 10 = 2. இரண்டும் வேறு. விடைத்தாள்களில் அடிக்கடி தென்படும் இன்னொரு பிழை, லாக் 100-ஐ லாக் 10-ஆல் வகுக்கச் சொன்னால் இரண்டையும் கழித்துவிடுவது. லாக் (100 ÷ 10) = 2 − 1 = 1. (லாக் 100) ÷ (லாக் 10) = 2 ÷ 1 = 2. வகுத்தல் அடைப்புக்குறிக்கு உள்ளே இருந்தால்தான் கழித்தல்.

மூன்றாவது கேள்வி. 10⁰ = 1, 10⁻¹ = 0.1, 10⁻² = 0.01. அடுக்கைக் கீழே இறக்கிக்கொண்டே போகலாம், தடை இல்லை. எண் சுருங்கிக்கொண்டே போகும், ஆனால் பூஜ்யத்தைத் தொடாது, அதைத் தாண்டவும் செய்யாது. ஆக, விடை (அடுக்கு) எந்த எண்ணாகவும் இருக்கலாம். உள்ளே போகும் எண் மட்டும் மிகை எண்ணாக இருக்க வேண்டும். 0-க்கும் 1-க்கும் இடையிலுள்ள எண்களின் லாக் எல்லாம் குறை எண்ணே.

அடிமானத்துக்கும் (எந்த எண்ணுக்கு மேலே அடுக்கைப் போடுகிறோமோ அந்த எண்; இதுவரை 10) நிபந்தனை உண்டு. 1 கூடாது, ஏனென்றால் 1-க்கு எந்த அடுக்கைப் போட்டாலும் 1-தான். குறை எண் கூடாது, ஏனென்றால் −2-க்கு அடுக்கு அரை என்றாலே மெய்யெண்ணை விட்டு வெளியே போய்விடுகிறோம்.

பயிற்சிக்கு ஒன்று: லாக் க + லாக் (க − 3) = 1. க எவ்வளவு? டேபிள் வேண்டாம்.

தசமப்புள்ளி:

பார் கேள்விக்கு மட்டும் வருகிறேன். இரண்டும் சரி. ஒரே எண்ணை இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். பார் 2.5386 என்றால் −2 + 0.5386. கூட்டிப் பாருங்கள், −1.4614. பார் கோடு 2-இன் தலையில் மட்டும்தான் நிற்கிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ளது எப்போதும் மிகை.

ஏன் இப்படி எழுத வேண்டும்? டேபிளில் 1 முதல் 10 வரையிலான எண்களின் லாக் மட்டுமே இருக்கிறது. 3.456, 345.6, 0.03456 எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில்தான் பார்க்கிறோம். 34-ஆம் வரிசை, 5-ஆம் நிரல்: 5378. அதே வரிசையின் வலது கோடியில் மீன் டிஃபரன்ஸ் பகுதியில் 6-க்குக் கீழே 8. கூட்டினால் 5386. தசமப் பகுதி முடிந்தது. முழு எண் பகுதியை டேபிள் தராது, நாம்தான் போட வேண்டும். எண்ணை அறிவியல் குறியீட்டில் எழுதினால் 10-இன் அடுக்குதான் அது. 345.6 = 3.456 × 10², லாக் 2.5386. 0.03456 = 3.456 × 10⁻², லாக் பார் 2.5386. "புள்ளிக்குப் பிறகு எத்தனை பூஜ்யம், அதோடு ஒன்றைக் கூட்டு" என்று சொல்லித்தரும் குறுக்கு வழியைவிட இதுவே எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது.

மீன் டிஃபரன்ஸை எப்போதும் கடைசி இலக்கத்தோடு சேருங்கள். 5378 + 8, அதாவது 0.5378 + 0.0008. இதை 0.5378 + 0.08 என்று போடுபவர்கள் உண்டு.

பார் உண்மையில் கடிப்பது வகுக்கும்போது. 0.03456-இன் கனமூலம் வேண்டும் என்று வையுங்கள். பார் 2.5386 ÷ 3. இதை −2.5386 ÷ 3 என்று எடுத்தால் −0.8462, அதற்கு ஆன்டிலாக் (லாக்கிலிருந்து எண்ணுக்குத் திரும்புவது) சுமார் 0.1425. தவறான விடை. சரியான வழி: −2-ஐ 3-ஆல் வகுபடும்படி −3 ஆக்குங்கள், இறக்கிய 1-ஐத் தசமப் பகுதியில் ஏற்றுங்கள். −3 + 1.5386. இப்போது 3-ஆல் வகுத்தால் −1 + 0.5129, அதாவது பார் 1.5129. ஆன்டிலாக் டேபிளில் .51 வரிசை, 2-ஆம் நிரல்: 3251. 9-க்கு 7. மொத்தம் 3258. முழு எண் பகுதி பார் 1 என்பதால் விடை 0.3258. சோதிக்க 0.3258-ஐ மூன்று முறை பெருக்குங்கள், 0.03458 வரும். நான்கு இலக்க டேபிளில் கடைசி இலக்கம் ஒன்றிரண்டு பிசகும், அது பிழை இல்லை.

கால்குலேட்டரில் வந்த −1.4614-ஐ வைத்துக்கொண்டு ஆன்டிலாக் டேபிளுக்குப் போனாலும் இதே சிக்கல்தான். .4614-க்கு நேரே பார்த்தால் தப்பு. முதலில் −2 + 0.5386 என்று மாற்றிவிட்டு .5386-க்குப் பாருங்கள்.

வேதிக்குடுவை:

நீட்டுக்கு மூணே மூணு போதும்ங்க. லாக் 2 = 0.3010, லாக் 3 = 0.4771, லாக் 7 = 0.8451. மத்ததெல்லாம் இதிலிருந்து வந்துடும். லாக் 4 = 0.6020, லாக் 6 = 0.7781, லாக் 8 = 0.9030, லாக் 9 = 0.9542. லாக் 5-ஐத் தனியா மனப்பாடம் பண்ண வேண்டாம். 10 ÷ 2 தானே, 1 − 0.3010 = 0.6990. நீங்க கேட்ட லாக் 50-ம் அங்கிருந்துதான், 1 + 0.6990.

அந்த மூணும் மறந்துபோச்சுன்னாலும் தேர்வு ஹாலில் உட்கார்ந்தே கண்டுபிடிக்கலாம். 2¹⁰ = 1024, கிட்டத்தட்ட 10³. அதனால் 10 லாக் 2 ≈ 3, லாக் 2 ≈ 0.3. 3⁹ = 19683, ஏறக்குறைய 2 × 10⁴. 9 லாக் 3 ≈ 4.301, லாக் 3 ≈ 0.478. 7-க்கு இன்னும் அழகா ஒண்ணு இருக்கு: 7⁴ = 2401. இது 2400-ஐ ஒட்டி இருக்கு, 2400 = 8 × 3 × 100. 0.9030 + 0.4771 + 2 = 3.3801, நாலால வகுத்தா 0.8450. நிஜ மதிப்பு 0.8451!

இனி பிஹெச். அமிலத்தன்மையைச் சொல்ற அளவு இது: ஹைட்ரஜன் அயனிச் செறிவோட லாக்கை எடுத்து, குறியை மாத்தினா பிஹெச். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 2 × 10⁻⁵ மோலார் என்றால் பிஹெச் = 5 − 0.3010 = 4.699. நேரடியா "அடுக்கிலிருந்து லாக்கைக் கழி"ன்னு போயிடலாம். இதை 5.301-னு எழுதிட்டா? விடை சரிதானான்னு ஒரு நொடியில பார்க்கலாம்: 2 × 10⁻⁵ என்பது 10⁻⁵-ஐவிட அதிக அமிலம், பிஹெச் 5-க்குக் கீழதான் இருக்கணும்.

தலைகீழ்க் கணக்குதான் ஆளை விழுத்தும். பிஹெச் 5.3, செறிவு எவ்வளவு? 10-இன் அடுக்கு −5.3. பார்த்ததும் 2 × 10⁻⁵-னு எழுதக் கை துறுதுறுக்கும், ஏன்னா .3 பார்த்தா 2 ஞாபகம் வரும். ஆனா −5.3 = −6 + 0.7. 0.7-க்கு 5. விடை 5 × 10⁻⁶. தசமப்புள்ளி மேலே சொன்ன பார் விஷயமேதான் இது, பேர்தான் வேற.

காரம்னா லாக் எடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு படி இருக்கு. 0.01 மோலார் பேரியம் ஹைட்ராக்சைடு ஒண்ணுக்கு ரெண்டு ஹைட்ராக்சைடு அயனி விடும். செறிவு 0.02. பிஓஹெச் (ஹைட்ராக்சைடு அயனிக்குப் போடும் அதே கணக்கு) = 2 − 0.3010 = 1.699, பிஹெச் = 14 − 1.699 = 12.301. ரெண்டால பெருக்க மறந்தா 12 வரும். பெரும்பாலும் அந்த 12-ம் விடைகளில் ஒண்ணா உட்கார்ந்திருக்கும்.

10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு பிஹெச் 8-னு போடாதீங்க. அமிலம் எப்படிக் காரமாகும்? தண்ணீரே 10⁻⁷ அளவுக்கு ஹைட்ரஜன் அயனி தருது, அதையும் சேர்த்துச் சமநிலைக் கணக்கு போட்டா 6.98 வரும். லாக் மேல தப்பு இல்லை, உள்ளே போட்ட எண் தப்பு.

பழைய ஸ்கேல்:

டேபிள் ஏன் 10 அடிமானத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துவிடலாம். 1614-இல் எடின்பரோ அருகே வாழ்ந்த ஜான் நேப்பியர் வெளியிட்ட முதல் அட்டவணை இன்றுள்ள வடிவில் இல்லை. அது வானியல் கணக்குகளுக்காக சைன் மதிப்புகளை வைத்துச் செய்தது. 1615-இல் லண்டனிலிருந்து ஹென்றி பிரிக்ஸ் அவரைத் தேடிப் போய்ச் சந்தித்தார். 10-ஐ அடிப்படையாக வைத்தால் தசமப் புள்ளி நகரும்போது முழு எண் பகுதி மட்டும் மாறும், ஒரே அட்டவணை எல்லா எண்ணுக்கும் பயன்படும் என்ற வடிவம் அங்கிருந்து வந்தது. 1624-இல் பிரிக்ஸ் 14 தசம இடங்கள் வரை கணக்கிட்ட அட்டவணையை வெளியிட்டார். எல்லாம் கையால்.

நம் பக்கத்தில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண அறிஞர் வீரசேனர், ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதை அர்த்தச்சேதம் என்ற பெயரில் கையாண்டிருக்கிறார். 32-க்கு 5. இன்றைய மொழியில் 2 அடிமான லாக். பெருக்கற்பலனின் அர்த்தச்சேதம் இரண்டின் அர்த்தச்சேதங்களின் கூட்டுத்தொகை என்ற விதியும் அங்கே உண்டு. பெருக்கலைக் கூட்டலாக்கும் அட்டவணையாக அது வளரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "லாக் நம்முடையது" என்று சுற்றும் பதிவுகள் அந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகின்றன.

நிலநடுக்க அளவும் லாக் அளவுதான். அளவு 1 கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு, 2 கூடினால் 1000 மடங்கு. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கம் 7.7. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம் (நம் கடற்கரைக்குச் சுனாமி கொண்டுவந்தது) 9.1. வித்தியாசம் 1.4-தானே என்று தோன்றும். ஆற்றலுக்கு அதை 1.5-ஆல் பெருக்க வேண்டும்: 2.1. 10-இன் அடுக்கு 2.1 என்றால் 100 × 1.2589, சுமார் 126 மடங்கு.

தொடக்கப்புள்ளி:

மிக்க நன்றி. மடங்கை அளப்பது என்ற இடத்தில் தெளிவு வந்தது. இன்னும் இரண்டு. கால்குலேட்டரில் லாக், எல்.என். என்று இரண்டு பட்டன் ஏன்? வேதிவினை வேகவியலில் வரும் 2.303 எங்கிருந்து வருகிறது?

பயிற்சி: லாக் க(க − 3) = 1, ஆகவே க² − 3க = 10, க = 5 அல்லது −2. சரியா?

வேதிக்குடுவை:

எல்.என். என்பது 2.71828... என்ற எண்ணை அடிமானமா வச்ச லாக். வளர்ச்சி, சிதைவு எல்லாத்துக்கும் தொகையீடு போட்டா இதுதான் இயல்பா வரும். டேபிள் 10 அடிமானத்தில இருக்கிறதால மாத்திக்க ஒரு பெருக்கு எண் வேணும். 10-க்கு எல்.என். போட்டா 2.303. அவ்வளவுதான்: எல்.என். = 2.303 × லாக். முதல் வகை வினையின் அரை ஆயுளுக்கு வரும் 0.693-ம் இதே குடும்பம், 2.303 × 0.3010. வினை 99.9% முடிய ஆகும் நேரம் 2.303 × 3 = 6.909-ஐ வேக மாறிலியால வகுத்தது, 0.693-ஆல வகுத்துப் பார்த்தா கிட்டத்தட்ட 10 அரை ஆயுள். கேள்வியா அடிக்கடி வரும்.

தசமப்புள்ளி:

எந்த அடிமானத்துக்கும் இதே வழிதான்: (எண்ணின் லாக்) ÷ (அடிமானத்தின் லாக்). 2-ஐ எத்தனை முறை பெருக்கினால் பத்து லட்சம்? 6 ÷ 0.3010 = 19.93, ஆகவே 20 முறை பெருக்கினால் தாண்டிவிடும். ஆண்டுக்கு 7% கூட்டுவட்டியில் பணம் இரட்டிப்பாக (லாக் 2) ÷ (லாக் 1.07) = 0.3010 ÷ 0.0294, சுமார் 10.24 ஆண்டு. வங்கிகளில் சொல்லும் "72-ஐ வட்டியால் வகு" தரும் 10.29 இதன் தோராயம்.

பிறகு நிரல் எழுதப் போனால் ஒரு எச்சரிக்கை. பைத்தான், சி இரண்டிலும் சும்மா லாக் என்று கூப்பிட்டால் எல்.என். மதிப்புதான் வரும், 100-க்கு 2 வராமல் 4.605 வரும். 10 அடிமானத்துக்கு லாக்10 என்று தனியாக உண்டு. எக்செலில் நேர்மாறு, லாக் என்றாலே 10 அடிமானம்.

அடுக்குமாடி:

5 மட்டும்தான் விடை. −2-ஐ மூலச் சமன்பாட்டில் போடுங்கள்: லாக் (−2) + லாக் (−5). இரண்டுமே இல்லாதவை. இரண்டு லாக்கைக் கூட்டி ஒன்றாக்கும் விதி, இரண்டு எண்களும் மிகை என்றால் மட்டுமே செல்லும். நீங்கள் சேர்த்த அந்த வரியில்தான் −2 உள்ளே நுழைந்தது, ஏனென்றால் (−2) × (−5) = 10, அதற்கு லாக் உண்டு. அதனால் முதலிலேயே ஓரத்தில் எழுதிவிடுங்கள்: க > 0, க − 3 > 0, ஆகவே க > 3.

எதிர்த்திசையிலும் இதே ஓட்டை இருக்கிறது. லாக் க² = 4 என்று கொடுத்தால் உடனே 2 லாக் க = 4, க = 100 என்று முடிப்பார்கள். −100-உம் விடை, ஏனென்றால் வர்க்கம் மிகைதான். அடுக்கை முன்னால் கொண்டுவந்த இடத்தில் அது தொலைந்துவிட்டது. முதல் கணக்கில் ஒரு விடை கூடுதலாக வந்தது, இதில் ஒன்று காணாமல் போகிறது. உங்கள் பயிற்சியையே லாக் (க² − 3க) = 1 என்று ஒரே லாக்காகக் கேட்டிருந்தால் 4 + 6 = 10, −2-க்கும் முழு மதிப்பெண்.